நிலம் காக்கும் நெறிகளின் தேசாந்தரம்

1889-ஆம் ஆண்டில், காடு வளர்ப்பையே தொழிலாகக் கற்க வேண்டும் என்னும் விருப்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறி வந்த கிஃபோர்டு பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞர், வில்லியம் ஷ்லிக் என்பவரைக் கண்டு அவர் தந்த அறிமுகக் கடிதத்துடன் ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் போய், அங்கே ஓய்வு பெற்று வாழ்ந்துகொண்டிருந்த டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் முதியவரின் முன் மாணவராக நின்றார். ஷ்லிக்கும் பிராண்டிஸும் பிறப்பால் ஜெர்மானியர். உத்தியோகத்தாலோ, இந்திய சர்க்காரின் வனத்துறைக்குத் தலைமை வகித்தவர்கள். பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரின் வனக் கல்லூரியில் படிப்பதே நல்லது என்று முதியவர் சொல்ல, இளைஞரும் அவ்வாறே படித்து, ஊர் திரும்பி, 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். பர்மாவின் தேக்கங்காடுகளும் இமயத்துத் தேவதாருக்களும் ஒரு ஜெர்மானியருக்குக் கற்பித்த பாடம், ஒரு பிரெஞ்சுக் கல்லூரியின் வழியாகச் சுற்றிக்கொண்டு, அமெரிக்க மலைகளை நிர்வகிக்கப் போய்ச் சேர்ந்தது.

ஒரு தேசம் தன் மண்ணையும் காட்டையும் காக்க வகுத்துக்கொள்ளும் நெறி, அந்தத் தேசத்தின் மண்ணிலிருந்தே முளைத்தது என்று நினைப்பது இயல்பு. நிலத்தைப் போல அசையாத பொருள் வேறில்லை அல்லவா? ஆனால் கடந்த 250 ஆண்டுகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், நிலச் சட்டங்களைப் போல ஊர் சுற்றியவை அதிகம் இல்லை என்பது புலனாகும். அவை எவ்வழியாகச் சென்றன, செல்லும்போது எதைச் சுமந்து சென்றன, எதைக் கப்பல் துறையிலேயே விட்டுச் சென்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிரயாணம் செய்தது சட்டமன்று, அச்சம். மொரிஷியஸ் தீவை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், அதன் நிர்வாகியாக இருந்த பியேர் புவாவர், மரங்களை வெட்டினால் மழை பொய்க்கும் என்று உறுதியாக நம்பி, 1769-இல் காடுகளை ஒதுக்கிக் காக்கும் ஆணையொன்றை வெளியிடச் செய்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1776-இல், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டொபேகோவில் ஆங்கிலேயர்கள், மழையைக் காப்பதற்கென்றே, நடு மலைத்தொடரின் காட்டை ஒதுக்கிவைத்தார்கள். காட்டுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் இன்றைக்கும் வாதப் பிரதிவாதத்துக்கு உரியதுதான். அன்றைய அறிவோ அதில் பாதிதான் கண்டிருந்தது. எனினும் தீவுகளில் வாழ்ந்த துரைத்தனத்தார்க்கு ஓடையொன்று வற்றுவதைக் கண்ணால் காண முடிந்தது. பெருநிலப் பரப்பின் அரசர்களுக்கு அது தெரியப் பல தலைமுறைகள் ஆயின. ஆகவே நிலக்காப்புச் சிந்தனை தீவுகளில் பிறந்து கண்டங்களுக்கு வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அச்சத்தை அடுத்துப் பயணப்பட்டது புத்தகம். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளில் வளர்ந்து, தன் நாட்டின் தூதராகத் துருக்கியிலும் இத்தாலியிலும் பணிபுரிந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், மத்தியதரைக் கடலோரத்து மொட்டை மலைகளைக் கண்டு மனம் நொந்து, மனிதனின் கை இயற்கையை எவ்வாறு உருமாற்றுகிறது என்பதை விளக்கி 1864-இல் ஒரு பெருநூல் எழுதினார். சென்னை ராஜதானியில் 1856 முதல் வனப் பாதுகாவலராக இருந்த ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அந்த நூலை இமயச் சரிவுகளில் தம்முடன் எடுத்துச் சென்றதாக மார்ஷுக்கே கடிதம் எழுதினார். நியூஸிலாந்துப் பாராளுமன்றத்தில் 1874-இல் வன மசோதா விவாதிக்கப்பட்டபோதும் மார்ஷின் கருத்துகள் எடுத்துரைக்கப்பட்டன. அந்த மசோதா சட்டமானதும், அதை நடத்துவதற்கு ஆள் வேண்டுமென்று தேடிய நியூஸிலாந்து சர்க்கார் கண்டெடுத்தது, நம் சென்னை வனத்துறையில் உத்தியோகம் பார்த்துவந்த கேப்டன் காம்ப்பெல் வாக்கரை. 1876-இல் அவர் அங்கே போனார். சிக்கன நடவடிக்கை என்ற பெயரால் அவருடைய பதவி நெடுங்காலம் நீடிக்கவில்லை; ஆயினும், ஓர் அமெரிக்கர் இத்தாலியில் இருந்து எழுதிய நூலின் தூண்டுதலால் பிறந்த நியூஸிலாந்துச் சட்டத்தை நடத்தச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி போனார் என்பது, நாம் பேசும் விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று சொல்லத்தக்கது. நான்ஸியில் படித்து, மைசூரில் பணிபுரிந்து, தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கும், கிழக்காப்பிரிக்காவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், கடைசியில் நியூஸிலாந்துக்கும் சென்ற டேவிட் ஹட்சின்ஸின் வாழ்க்கையும் இத்தகையதே.

இனி பிராண்டிஸுக்கு வருவோம். ஏனெனில், பிரயாணத்தில் எது தவறிப்போகிறது என்பதை அவர் கதையே தெளிவாகக் காட்டுகிறது. அவர் காட்டுத் தொழில் படித்தவர் அல்லர். பான் சர்வகலாசாலையில் தாவரவியல் போதித்தவர். 1856-இல் பர்மாவின் பெகு பிரதேசத்துத் தேக்கங்காடுகளைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டு, 1864-இல் இந்தியா முழுவதற்கும் வனத்துறைத் தலைவரானார். ஜெர்மானியக் காட்டுமுறையின் வெளித்தோற்றம் யாவரும் அறிந்தது: அளந்த எல்லை, எண்ணிய மரங்கள், ஆண்டுதோறும் வெட்டுவதற்குக் கணக்கிட்ட பங்கு. ஆனால் அதன் உள்ளே மற்றொன்று இருந்தது. ஜெர்மானியக் குடியானவர்கள் சருகு பொறுக்கவும், பன்றி மேய்க்கவும், விறகெடுக்கவும் பல நூற்றாண்டுகளாகப் பெற்றிருந்த பாத்தியதைகள் ஏடுகளில் பதிவாகியிருந்தன; அவற்றை நீக்க வேண்டுமானால் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. அங்கும் சண்டை இல்லாமல் இல்லை. ரைன் மாகாணத்தில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதும் திருட்டே என்று சட்டம் செய்யப்போனதைக் கண்டித்து 1842-இல் பத்திரிகையில் எழுதிய இளைஞரின் பெயர் கார்ல் மார்க்ஸ். ஆனால் சண்டை போடுவதற்கேனும் பதிவான உரிமை என்ற ஒன்று அங்கே இருந்தது.

இந்தியாவுக்கு வந்தபோது எல்லைக்கோடு வந்தது, ஏடு வரவில்லை. அரசாங்கம் எழுத்தில் கொடுத்தாலன்றி ஊராரின் வழக்கம் உரிமையாகாது என்று பேடன்-பவல் போன்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வாதித்தார்கள். சர்க்கார் காடுகளுக்கு அருகில் ஊர்க்காடுகளும் இருக்க வேண்டும், அவற்றை ஊராரே ஆள வேண்டும் என்பது பிராண்டிஸின் அபிப்பிராயம். 1878-இன் இந்திய வனச் சட்டத்தில் வென்றது பேடன்-பவலின் கட்சி. ஊர்க்காடு என்ற சொல் சட்டத்தில் இடம்பெற்றதேயொழிய, நடைமுறையில் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிட்டது.

இதில் சென்னை ராஜதானி நடந்துகொண்ட விதம் நினைவில் வைக்கத்தக்கது. இந்த மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது என்றும், தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின் மீது வரி வாங்கியதைத் தவிர அரசர்கள் காட்டின் மீது பெரிதாக உரிமை கொண்டாடியதில்லை என்றும் சென்னை ரெவின்யூ போர்டு 1871-இலேயே எழுதியது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களே வெள்ளைக்கார சர்க்காருக்கு எதிராகக் குடிமக்களின் வழக்கத்துக்காக வாதாடிய அபூர்வமான சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. அதனால் 1878-இன் சட்டம் இங்கே செல்லவில்லை. பிராண்டிஸே நேரில் வந்து தங்கிப் பேசி, சென்னைக்கென்று 1882-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஊராரின் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி அதிகாரியை நியமிக்க அது வழி செய்தது. ஆயினும் நாளடைவில், காப்புக்காட்டு எல்லைக்கல்லை மாடு தாண்டியதென்று அபராதம் கட்டிய குடியானவர்களின் முறையீடு பெருகவே, 1913-இல் ஒரு கமிட்டி அமைத்து விசாரித்து, அதன் பின்னர் சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கப்பலில் ஏற மறந்த ஏடு முப்பது ஆண்டுகள் கழித்துக் கால்நடையாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வந்தும் முழுதாக வரவில்லை.

பர்மாவில் பிராண்டிஸ் செய்த மற்றொரு காரியம் இதற்கு நேர்மாறானது. மலைச்சரிவை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டுகள் நெல் விதைத்துப் பின் வேறிடம் போகும் கரேன் மக்களின் பயிர்முறைக்கு அங்கே ‘தாங்யா’ என்று பெயர். அதைத் தடை செய்வதற்குப் பதில், நெல்லோடு தேக்கையும் ஊன்றச் சொல்லி, பயிரை அவர்களுக்கும் மரத்தைச் சர்க்காருக்கும் என்று வகுத்தார். இந்த முறை பர்மியப் பெயரோடேயே உலகம் முழுவதும் பரவியது; கென்யாவில் ‘ஷாம்பா’ என்று பெயர் மாறி வழங்கியது. இதிலும் ஆதாயம் பெரும்பாலும் சர்க்காருக்கே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டப் புத்தகம் போகாத இடத்துக்கெல்லாம் இந்த முறை போனதற்குக் காரணம், அதில் குடியானவனுக்கும் ஒரு பங்கு இருந்ததே.

தேசியப் பூங்கா என்ற கருத்தின் பயணமும் இப்படித்தான். 1872-இல் அமெரிக்கா யெல்லோஸ்டோனை ஒதுக்கியது. 1879-இல் ஆஸ்திரேலியாவும், அடுத்த சில ஆண்டுகளில் கனடாவும் நியூஸிலாந்தும், 1909-இல் ஸ்வீடனும் அதைப் பின்பற்றின. 1919-இல் அமெரிக்கப் பூங்காக்களைக் கண்டு வந்த பெல்ஜிய அரசர் ஆல்பர்ட், 1925-இல் காங்கோவில் தம் பெயராலேயே ஒரு பூங்காவை நிறுவினார். 1936-இல் இமய அடிவாரத்தில் ஹெய்லி பூங்காவும் 1938-இல் இலங்கையில் யால, வில்பத்து பூங்காக்களும் எழுந்தன. பெயர் ஒன்றே, பொருள் ஒன்றன்று. யெல்லோஸ்டோனில் ஷோஷோனி மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்திலோ, 1914-இல் பூங்கா அமைத்தவர்கள் ஸெர்னெஸ் போன்ற மலைக் கிராமங்களிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாடகை கொடுத்தார்கள். காரணம், அங்கே கிராம சபைக்கு நிலத்தின் மீது யாராலும் அசைக்க முடியாத உரிமை இருந்தது. ஜப்பான் 1931-இலும் இங்கிலாந்து 1949-இலும் சட்டம் செய்தபோது, வயலும் வீடும் உள்ள நிலத்தை உடையவரிடமே விட்டு, அதில் செய்யத்தகாதவை இவை என்று வகுத்தன. ஆக, குடிமக்களுக்குக் குரல் இருந்த நாடுகளில் அயல்நாட்டுக் கருத்து உள்ளூர் வழக்கத்துக்கு இணங்கிக்கொண்டது. காலனி நாடுகளில் உள்ளூர் வழக்கமே கருத்துக்கு இணங்க வேண்டியதாயிற்று.

சர்க்கார் கை படாமல் கடல் கடந்த ஒரு கருத்தும் உண்டு. அழகும் சரித்திரமும் உள்ள நிலங்களைப் பொது நன்மைக்காக வாங்கியும் தானமாகப் பெற்றும் என்றென்றைக்கும் வைத்திருக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றை, சார்லஸ் எலியட்டின் முயற்சியால் மாசசூசெட்ஸ் மாகாணம் 1891-இல் அமைத்தது. அதை முன்மாதிரியாகக் கண்டு ஆக்டேவியா ஹில் முதலானோர் 1895-இல் இங்கிலாந்தில் ‘நேஷனல் டிரஸ்ட்’ ஏற்படுத்தினார்கள். நிலத்தை விற்காமலே அதன் மீது நிரந்தரக் காப்புக் கட்டுப்பாட்டைப் பதிவு செய்யும் அமெரிக்க முறையை ஒட்டிச் சிலி நாடு 2016-இல் சட்டம் செய்திருப்பதும் இதே வரிசையைச் சேர்ந்தது.

மண் காப்புக்கு வருவோம். 1930-களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் உழுது புரட்டிய மண் புழுதிப் படலமாக எழுந்து கிழக்குக் கடற்கரை வரை சென்றபோது, ஹியூ பென்னெட் என்ற மண்ணியல் அறிஞர் காங்கிரஸின் முன் வாதாடி, 1935 ஏப்ரலில் மண் காப்புச் சட்டத்தை நிறைவேறச் செய்தார். அந்தப் புழுதியைக் கண்டு உலகமே நடுங்கியது. 1938-இல் நியூ சவுத் வேல்ஸும், 1941-இல் நியூஸிலாந்தும், பென்னெட்டையே வரவழைத்துக் காட்டிய பின் 1946-இல் தென்னாப்பிரிக்காவும் சட்டம் செய்தன. கிழக்காப்பிரிக்காவை ஆண்ட ஆங்கிலேயர்களுக்கு, தங்கள் ஆளுகையிலுள்ள மலைகளெல்லாம் நாளைய புழுதிப் பாலைகளாகவே தோன்றலாயின.

கென்யாவின் மச்சாகோஸ் பிரதேசத்தில் வாழும் கம்பா மக்களிடம் ஆடுமாடு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று முடிவு செய்து, சர்க்கார் அவற்றைப் பிடித்து விற்கத் தொடங்கியது. 1938-இல் கம்பா மக்கள் திரண்டு நைரோபிக்கு நடந்து போய் முகாமிட்டு உட்கார்ந்துவிட, சர்க்கார் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் சரிவுகளில் வரப்பு போடக் கட்டாய உழைப்பு வாங்கினார்கள். 1948-இல், முராங்கா மாவட்டத்துக் கிகுயூப் பெண்கள், இந்த மண்வெட்டி வேலைக்கு இனி வரமாட்டோம் என்று கிளர்ந்தெழுந்தார்கள். நெறி நல்லதா கெட்டதா என்று ஆராயும் பொறுமை யாருக்கு இருக்கும்? கணவன் நகரத்துக்கு வேலைக்குப் போயிருக்க, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மலையைக் கொத்தியவள் அவள். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே மச்சாகோஸில், 1950-களிலிருந்து, கட்டாயத்தால் போட்ட ஒடுங்கிய வரப்பைக் கைவிட்டு, அகலமான படித்தளங்களைக் கம்பா குடியானவர்கள் தாங்களாகவே அமைக்கத் தொடங்கினார்கள்; பள்ளம் தோண்டிய மண்ணை மேட்டுப்பக்கம் எறிந்து மழைதோறும் தளம் தானே சமமாகும்படி விடும் முறைக்கு ஸ்வாஹிலியில் ‘ஃபான்யா ஜூ’, அதாவது ‘மேலே போடு’, என்று பெயர். காப்பியும் காய்கறியும் பயிரிடும் உரிமையும், விளைந்ததை விற்கச் சந்தையும் கிடைத்த பின், 1932-க்கும் 1990-க்கும் இடையில் ஜனத்தொகை ஏறத்தாழ ஐந்து மடங்கானபோதும் மண் அரிப்பு குறைந்தது என்று பிற்காலத்து ஆராய்ச்சி கண்டது. அமெரிக்கப் புழுதி அனுப்பிய எச்சரிக்கை சரியானதே. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரன்தான் கையில் பிரம்போடு வந்தான்.

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தில் தானே விரும்பிக் கடன் வாங்கியது. அமெரிக்காவின் டென்னஸி பள்ளத்தாக்கு ஸ்தாபனத்தைப் பார்த்து 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் அமைந்தது. 1953-இல் மத்திய மண் காப்பு வாரியமும், அடுத்த ஆண்டு உதகமண்டலத்தில் உருளைக்கிழங்குச் சரிவுகளின் மண்ணை ஆராயும் நிலையமும் ஏற்பட்டன.

1970-களில் சர்வதேச உடன்படிக்கைகளின் காலம் தொடங்கியது. ஈரநிலங்களுக்கு 1971-இன் ராம்சார் உடன்படிக்கை, 1992-இல் உயிர்ப்பன்மை, 1994-இல் பாலைவனமாதல் என்று அவை பெருகி, 2022-இல் மான்ட்ரியால் நகரில் 2030-க்குள் உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 30 பங்கைக் காப்பது என்ற இலக்கில் வந்து நிற்கின்றன. இவற்றின் பாதிப்பை மிகைப்படுத்திச் சொல்வோர் உண்டு. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி பேசினார், செப்டம்பரில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆகவே அது இதன் விளைவு என்பார்கள். உண்மையில் புலியைப் பற்றிய கவலை 1969-இல் தில்லியில் கூடிய இயற்கைக் காப்புச் சங்கப் பேரவையிலேயே உரக்கப் பேசப்பட்டுவிட்டது. ஸ்டாக்ஹோமின் மெய்யான பயன் வேறிடத்தில் இருக்கிறது. அயல்நாட்டு உடன்படிக்கைகளையும் மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்ற எந்த விஷயத்திலும் சட்டம் செய்யலாம் என்று அரசியல் சாசனத்தின் 253-ஆவது விதி பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தன் முகவுரையிலேயே ஸ்டாக்ஹோமைச் சுட்டிக்கொண்டு பிறந்தது. வெளிநாட்டில் போட்ட கையெழுத்து, தில்லிக்கும் ராஜ்யங்களுக்கும் இடையிலுள்ள தராசையே கொஞ்சம் சாய்த்துவிட்டது.

பணத்தின் வழியாக வரும் செல்வாக்கு இன்னும் வெளிப்படையானது. 1987-இல் அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று, 6.5 லட்சம் டாலர் பெறுமான பொலிவியக் கடன் பத்திரங்களை 1 லட்சம் டாலருக்கு வாங்கித் தள்ளுபடி செய்ய, பதிலுக்குப் பேனி பிரதேசத்துக் காடுகளைக் காப்பதாகப் பொலிவியா ஒப்புக்கொண்டது. அந்தக் காட்டிலேயே வாழும் சிமானே மக்களை யாரும் கேட்கவில்லை. 1990-இல் பொலிவியத் தாழ்நிலப் பழங்குடிகள் டிரினிடாட் நகரிலிருந்து லா பாஸ் வரை மலையேறி நடந்து தங்கள் நிலத்தைக் கேட்டார்கள். 2008-இல் நார்வே, அமேசான் காட்டுக்காக 100 கோடி டாலர் வாக்களித்தது. 2019-இல் நின்று 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய அந்த நிதி, பிரேசிலின் ஆட்சி மாற்றங்களை அளக்கும் கருவியாகவே ஆகிவிட்டது. 2023-இல் ஐரோப்பிய யூனியன் செய்த சட்டமோ, காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, ரப்பர், கொக்கோ முதலியவற்றை வாங்கமாட்டோம் என்கிறது. அதன் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டு வந்தாலும், தன் தோட்டத்தின் எல்லையை வரைபடப் புள்ளிகளாகக் காட்ட வேண்டிய கவலை ஏற்றுமதிக்கு விளைவிக்கும் சிறு காப்பி விவசாயிக்கு இப்போதே வந்துவிட்டது.

ஒரு நாட்டின் காப்பு, அண்டை நாட்டின் அழிவாகவும் போய்ச் சேர்வதுண்டு. தெற்கே பெருவெள்ளத்தில் மாண்டவர்களைக் கண்டு தாய்லாந்து 1989-இல் மரம் வெட்டத் தடை விதித்தது. தாய்லாந்தின் மர வியாபாரிகள் பர்மாவின் எல்லைக் காடுகளுக்குள் போனார்கள். 1998-இன் யாங்ஸி வெள்ளத்துக்குப் பின் சீனம் இயற்கைக் காடுகளில் வெட்டு வேலையை நிறுத்தி, சரிவு வயல்களைக் காடாக்கத் தன் குடியானவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது. மரமோ ருஷியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து இறங்கியது. இந்தக் கணக்கு எந்த உடன்படிக்கையிலும் பற்று எழுதப்படுவதில்லை.

உரிமையை மீட்டுத் தரும் நெறியும் இப்போது மெல்லப் பயணப்பட்டு வருகிறது. 1985-இல் ஆஸ்திரேலியா உலுரு பாறையை அனாங்கு மக்களுக்கே திருப்பிக் கொடுத்து, அவர்களிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பூங்காவாக வாங்கிக்கொண்டது. நேபாளத்தின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை இந்த வரிசையில் சேர்த்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது உள்நாட்டுப் பழங்குடிகளின் நெடும் போராட்டத்தில் விளைந்தது, 1878-இல் இழந்ததைத் திரும்பக் கேட்டது. அதற்கு வெளியூர் முன்மாதிரி தேவைப்படவில்லை.

நீலகிரியில் ஒருவன் நின்று பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் ஒரே மலைச்சரிவில் தென்படும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் விறகுக்காக இங்கே வந்தன. சோலைக்கு வெளியே கிடந்த புல்வெளி பயனற்ற தரிசு என்று, ஐரோப்பியக் காட்டுக் கண்ணால் பார்த்தவர்கள் தீர்மானித்தார்கள். தோடர்களின் எருமை மேய்ந்த அந்தப் புல்வெளிகளில், சுதந்திரத்துக்குப் பின் 1950-களிலும் 60-களிலும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுக்கான மரக்கூழுக்காகவும், வளர்ச்சித் திட்டமென்றே சீகையும் கற்பூரமும் ஏராளமாக நடப்பட்டன. இதே சீகையைத் தோல் பட்டைக்காக வாங்கிய தென்னாப்பிரிக்கா, அது ஓடைகளின் நீரைக் குடித்துவிடுவதைக் கண்டு, 1995 முதல் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அதை வெட்டி வருகிறது. தமிழ்நாட்டு அரசும் 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. சீகையை வேரோடு பிடுங்கி, அது மீண்டும் துளிர்க்கிறதா என்று ஆண்டுதோறும் வந்து பார்த்து, புல்லை நாற்றுவிட்டு நடும் வேலை இப்போது வனத்துறையின் பொறுப்பு; எழுபது ஆண்டுகளுக்கு முன் அதே சரிவில் சீகையை வரிசை பிடித்து நட்டதும் அந்தத் துறைதான்.